அடைக்கலப் பொருள்



நூலையும் துணியையும் வாழ்வாகக் கொண்ட திருப்பூர் நகரத்துத் திருவிழாவில், துணியோடு தொடர்புடைய நாயன்மார் ஒருவரது வரலாற்றை யாம் சிந்தனைக்கு எடுத்துக்கொள்கின்றோம். அவரே பழையாறையில் தோன்றிய அமர்நீதி நாயனார்.

பொன்னும் மணியும் பட்டும் விற்ற பெருவணிகர் அவர். அடியார்க்கு அமுதும் கீளும் கோவணமும் அளித்தலைத் தொண்டாகக் கொண்டவர். திருநல்லூரில் அவர் அமைத்த மடத்திற்குச் சிவபெருமான் பிரமசாரி வேடத்தில் எழுந்தருளினார். தண்டில் கட்டியிருந்த கோவணங்களுள் ஒன்றை அவரிடம் ஒப்படைத்து நீராடச் சென்றார். மீண்டு வந்து கேட்டபோது வைத்த இடத்தில் அதனைக் காணோம். நாயனார் வேறொன்று தர முன்வந்தார். தண்டிலிருந்த மற்றொரு கோவணத்திற்கு ஒத்த எடை தருக என்றார் பெருமான். துணியும் பொன்னும் குவித்தும் துலாத்தட்டு சமன்படவில்லை. மனைவியாரோடும் மைந்தரோடும் நாயனாரே தட்டில் ஏறிய பின்னரே துலை நேர்நின்றது.

சிறு துணிக்கு இத்துணை எடையோ எனின், எடை துணிக்கன்று; நம்பி ஒப்படைத்த நம்பிக்கைக்கு என்க.

இனி உங்கள் தொழிலை நோக்குங்கள். ஒரு பனியன் ஒருவர் கையில் முடிவதன்று. பின்னுவோர் ஒருவர், வெளுத்துச் சாயம் ஏற்றுவோர் மற்றொருவர், வெட்டுவோர், தைப்போர், பிசிறு நீக்குவோர், செக்கிங் செய்வோர், இஸ்திரி இட்டு மடிப்போர் எனக் கைகள் பல. இவற்றுட் பல வேலைகள் ஜாப் ஒர்க்காக வெவ்வேறு பட்டறைகளில் நடைபெறுகின்றன. அங்கே கையிலிருக்கும் துணி தமதன்று. பிறர் தந்த அடைக்கலப் பொருள்.

பின்னல் எந்திரத்தில் ஓர் ஊசி பழுதானால் துணி நெடுகக் கோடு விழும். உடனே எந்திரத்தை நிறுத்தினால் இழப்பு சிறிது. மறைத்து அனுப்பினாலோ, சாயக்கூலியும் வெட்டுக்கூலியும் தையற்கூலியும் அப்பழுதின்மேல் ஏறுகின்றன. கடைசி மேசையில் இருக்கும் பெண்மணி அதனைக் கண்டு ஒதுக்கலாம், இல்லாததாக்க இயலாது. ஆகவே, பழுதை அது பிறந்த இடத்திலேயே சொல்லுதல் முதல் நெறி. ஊசி ஒடிந்தது என்று வந்து சொன்னவன் கூலியைப் பிடித்தால், அவன் மறுமுறை வாய் திறப்பானோ? உண்மை உரைத்தவனைக் காத்தல் முதலாளியின் கடன்.

இரண்டாவது நெறி, இருவரும் காணும் துலாக்கோல். நிறத்திற்கு ஒரு மாதிரித் துண்டு, துணிக்கு எடை, உடைக்கு அளவு ஆகியவற்றை முன்னரே எழுதி, தருபவரும் பெறுபவரும் வைத்துக்கொள்ள வேண்டும். வாய்ச்சொல்லால் தந்த வேலை வழக்கில் முடியும்.

மூன்றாவது, கூலி கேளாமல் உழைத்த ஒரு கையை மறவாமை. அதுதான் நொய்யல் ஆறு. முன்னோர் நமக்கு அளித்த அந்த அடைக்கலப் பொருளில் சாயக்கழிவு கலந்தது. பாசனத்திற்கென்று கட்டப்பட்டு 1992-இல் பயனுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணையில் அக்கழிவே தேங்கியது. கீழ்நிலத்து உழவர் பயிரும் கிணறும் இழந்து நின்றனர். 2011 சனவரியில், கழிவை அறவே வெளிவிடாத நிலை எய்தும்வரை சாய, சலவை ஆலைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. சாயம் நின்றது, அதனால் பின்னுவோர்க்கும் தைப்போர்க்கும் வேலை குன்றியது. துலாத்தட்டில் குடும்பத்தோடு ஏறும் நிலை ஊருக்கே வந்தது.

ஊர் அதிலிருந்து எழுந்ததும் கூட்டு முயற்சியாலேயே. பல ஆலைகள் சேர்ந்து நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீர் தெளிவிக்கப்பட்டு, மீண்டும் சாயத்தொட்டிக்கே வருகின்றது. எஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கின்றனர். செலவு மிகுந்த வழியே, எனினும் அறவழி. அக்கூட்டில் ஒருவர் மழைநாளில் மறைவாகக் கழிவைத் திறந்துவிட்டால், பழி அனைவர்க்கும் ஆகும்.

அன்பர்களே! நாளை உங்கள் கைக்கு ஒரு துணி வரும். அதனை நம்மிடம் தந்தவர் யார், நம்மிடமிருந்து பெறப்போகின்றவர் யார் என்று ஒரு கணம் எண்ணிய பின் வேலையைத் தொடங்குங்கள். அந்த எண்ணமே அமர்நீதியார்க்கு நாம் செய்யும் வழிபாடு. அதற்குத் திருவருள் துணைநிற்க வேண்டிப் பணிந்து அமைகின்றோம்.

திருச்சிற்றம்பலம்.