பேட்டரி மேல பழி போடாதீங்க: ஸ்டீரியோவுக்குப் பின்னாடி இருக்கிற மஞ்சள் வயர்

நான் நாகர்கோவில்ல கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன். புது ஸ்டீரியோ மாட்டின பிறகு வர்ற தொல்லைகளைப் பத்திதான் இன்னைக்குப் பேசப் போறேன். டச் ஸ்கிரீன் ஒண்ணு வாங்குறோம், கடையில ஒரு மணி நேரத்துல மாட்டித் தர்றாங்க, பாட்டு பாடுது. பாடினதும் வேலை முடிஞ்சதுன்னு நாம நினைச்சுக்கிறோம். ஆனா நல்ல வேலையா மோசமான வேலையாங்கிறது அதுக்குப் பின்னாடி, கண்ணுக்குத் தெரியாத இடத்துல இருக்கு.

குளச்சல் பக்கத்துல இருந்து டாக்சி ஓட்டுற ஒரு அண்ணன் வந்தார். வெளிநாட்டுக்குப் போற ஆட்களை விடியுறதுக்கு முன்னாடி திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுல கொண்டு விடுறதுதான் அவருக்கு முக்கியமான ஓட்டம். வண்டி ரெண்டு நாள் சும்மா கிடந்தா ஸ்டார்ட் ஆகாது. ஒருநாள் ராத்திரி மூணு மணிக்கு, பெட்டியெல்லாம் ஏத்தின பிறகு, சாவியைத் திருப்பினா 'டிக் டிக்'னு சத்தம் மட்டும். வந்தவங்க வேற வண்டி பிடிச்சுப் போயிட்டாங்க. அதுக்குள்ள ஒரே வருஷத்துல ரெண்டு பேட்டரி மாத்தியிருந்தார். "தம்பி, மூணாவதும் மாத்தச் சொல்லுகானுவ. நான் என்ன செய்யட்டும்?"னு கேட்டார்.

பேட்டரியை முழுசா சார்ஜ் ஏத்தி, ஆற விட்டு அளந்தேன். 12.6 வோல்ட். இன்ஜின் ஓடும்போது 14.2. அப்போ பேட்டரியும் சரி, ஆல்டர்னேட்டரும் சரி. வண்டி நிக்கிற நேரத்துல ஏதோ ஒண்ணு கரண்டைக் குடிக்குது.

அதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். சாவியை எடுத்துட்டு, பேட்டரியோட நெகட்டிவ் வயரைக் கழட்டி, அந்த வயருக்கும் பேட்டரிக்கும் நடுவுல மீட்டரை ஆம்பியர்ல வச்சு மாட்டணும். கதவெல்லாம் சாத்தி அரை மணி நேரம் காத்திருக்கணும், ஏன்னா இப்போ வர்ற வண்டிகள் தூங்கப் போக நேரம் எடுக்கும். மீட்டர் மாட்டியிருக்கும்போது ஸ்டார்ட் மட்டும் பண்ணிடாதீங்க, மீட்டர் போயிடும். பொதுவா 50 மில்லி ஆம்பியருக்குள்ள காட்டணும். அண்ணனோட வண்டியில 700 காட்டுச்சு.

கணக்கு போடுங்க. அவரோட பேட்டரி 35 ஆம்பியர் ஹவர். 0.7 ஆம்பியர்னா ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 17 போயிடும். ரெண்டு நாள்ல காலி. கடையில இருக்கிறதுலேயே விலை கூடின பேட்டரியை வாங்கி வச்சாலும் இந்தக் கணக்கு மாறாது.

அடுத்து ஃப்யூஸை ஒவ்வொண்ணா பிடுங்கிப் பார்த்தேன். எதைப் பிடுங்கினா மீட்டர் இறங்குதோ, கோளாறு அந்த வழியில இருக்கும். கடைசி ஃப்யூஸ் வரைக்கும் பிடுங்கியாச்சு, மீட்டர் அசையல. அப்போ இந்தக் கரண்ட் ஃப்யூஸ் பெட்டியைத் தொடாமலே போகுது.

ஸ்டீரியோவை வெளிய இழுத்தேன். வெளிச்சந்தையில வாங்குற ஸ்டீரியோவுல மஞ்சள் வயருக்கு எப்பவும் 12 வோல்ட் வேணும், நேரத்தையும் நீங்க வச்ச ஸ்டேஷனையும் ஞாபகம் வச்சுக்க. சிவப்புக்குச் சாவி போட்டா மட்டும் கரண்ட் வரணும், அதுதான் ஸ்டீரியோவை எழுப்புறது. கறுப்பு எர்த். இங்க மாட்டினவர் சாவி லைனைத் தேடாம, சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து முறுக்கி டேப் சுத்தியிருக்கார். ஸ்கிரீன் அணைஞ்சிருக்கும், ஆனா உள்ள ராத்திரி முழுக்க முழிச்சிருக்கும்.

அதைவிட மோசமானது இனிதான். அந்த ரெண்டு வயரும் போய்ச் சேர்ந்தது பேட்டரியில இருந்து நேரா இழுத்த ஒரு வயர்ல. பேட்டரி பக்கம் ஃப்யூஸ் இல்ல. இன்ஜின் பக்கத்துல இருந்து உள்ள வர்ற தகர ஓட்டையில ரப்பரும் இல்ல. வண்டி குலுங்கிக் குலுங்கி வயரோட தோல் உரிஞ்சு செம்பு தெரிஞ்சுது. அது பாடியில உரசியிருந்தா பேட்டரி மொத்தக் கரண்டையும் அதுல கொட்டியிருக்கும். தடுக்க ஃப்யூஸ் இல்லாததால வயர் பழுத்து எரியும், அதுவும் உள்ள ஆள் இருக்கும்போது. பேட்டரி அடிக்கடி செத்தது அந்த அண்ணனுக்கு நல்லதுன்னுதான் சொல்லுவேன். அது செத்ததாலதான் இதைத் திறந்து பார்த்தோம்.

ஸ்டீரியோவுக்கு மட்டும் பேட்டரியில இருந்து தனி வயர் தேவையே இல்ல. அதைக் கழட்டி எறிஞ்சுட்டு, அந்த வண்டி மாடலுக்குன்னே வர்ற கப்ளரை வாங்கி மாட்டினேன். மீட்டர் 20 மில்லி ஆம்பியருக்கு இறங்கிடுச்சு. தனியா ஆம்ப்ளிஃபயர் வச்சாதான் நேர் வயர் வேணும். அப்போ பேட்டரியில இருந்து ஒன்றரை அடிக்குள்ள ஃப்யூஸ் இருக்கணும்.

ஃப்யூஸ் காப்பாத்துறது வயரை. 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். நீலம் போச்சுன்னா நீலமே போடுங்க. திரும்பவும் போனா எங்கேயோ ஷார்ட் இருக்குன்னு அர்த்தம். அங்க மஞ்சளைச் சொருகினா ஃப்யூஸ் எரிய வேண்டிய இடத்துல வயர் எரியும்.

நம்ம ஊருக்குன்னு இன்னொரு எதிரி உண்டு. ஒரு பக்கம் கடல்காத்து. இன்னொரு பக்கம், தென்மேற்கு வடகிழக்கு ரெண்டு மழையும் இங்க பெய்யும். உப்பும் ஈரமும் சேர்ந்தா எர்த் போல்ட்டுல துருப்பிடிக்கும், செம்புல பச்சை படியும். சவுண்டைக் கூட்டினதும் ஸ்டீரியோ ஆஃப் ஆகி ஆன் ஆகுதுன்னா முதல்ல எர்த்தைப் பாருங்க. பாட்டைச் சத்தமா வச்சுட்டு, கறுப்பு வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல வோல்ட் அளங்க. 0.2-க்கு மேல போனா எர்த் சரியில்ல. போல்ட்டைக் கழட்டி, தகரம் பளிச்சுன்னு தெரியுற வரைக்கும் சுரண்டி, லக் வச்சு முறுக்கி, மேல கிரீஸ் தடவுங்க. வயரை முறுக்கி டேப் சுத்துறது இந்த வெயிலுக்கு நிக்காது, பசை உருகி அவுந்துடும்.

ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கர்ல 'ஊய்ங்'னு சத்தம் ஏறுதா? அதுவும் பெரும்பாலும் எர்த்தான். ஸ்டீரியோவுக்கு ஒரு எர்த், ஆம்ப்ளிஃபயருக்கு வேற எர்த்னா இப்படி வரும். ரெண்டையும் ஒரே இடத்துல சேருங்க. பவர் வயர் ஒரு பக்கம், சிக்னல் வயர் மறுபக்கமா ஓடட்டும்.

அப்புறம் எஃப்எம். அகில இந்திய வானொலியோட முதல் உள்ளூர் நிலையம் 1984-ல நம்ம நாகர்கோவில்லதான் வந்தது. அந்த நிலையமே டவுனுக்குள்ள கரகரன்னு கேட்டா கோளாறு நிலையத்துல இல்ல. பல வண்டிகள்ல கூரை ஏரியலுக்குள்ள சின்ன பூஸ்டர் இருக்கும். ஸ்டீரியோவோட நீல வயர்தான் அதுக்குக் கரண்ட் கொடுக்கணும். நிறைய பேர் அதை மாட்டாம சும்மா சுருட்டி வச்சுடுறாங்க.

வீட்டுல நீங்களே கை வைக்கிறதா இருந்தா முதல்ல பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. ஸ்பீக்கரோட மைனஸ் வயரை எந்தக் காரணத்துக்கும் பாடியில எர்த் பண்ணாதீங்க, ஸ்டீரியோ போயிடும். டாஷ்போர்டுக்குள்ள மஞ்சள் உறை போட்ட தடி வயர்க்கட்டு தெரிஞ்சா அது ஏர்பேக். நான் முதல்ல சொன்ன மஞ்சள் வயர் வேற, இது வேற. இதைத் தொடவே வேண்டாம்.

கடைக்குப் போறவங்க மூணு கேள்வி கேளுங்க: "அண்ணே, வண்டி வயரை வெட்டுவீங்களா, கப்ளர் போடுவீங்களா? எர்த் எங்க அடிக்கிறீங்க? ஃப்யூஸ் எங்க இருக்கு?" நல்ல வேலைக்காரர் கோபப்பட மாட்டார், திறந்தே காட்டுவார். வேலை முடிஞ்சதும், சாவியை எடுத்த பிறகு எத்தனை மில்லி ஆம்பியர் இழுக்குதுன்னு உங்க முன்னாடியே அளக்கச் சொல்லுங்க. அதுக்கு அரை மணி நேரம் ஆகும். ஒரு சாயா குடிச்சுட்டு நில்லுங்க, பரவாயில்ல.