காத்தான் கூத்துக்குப் போன இரவு



இந்த மண்டபத்தில் நாங்கள் படித்தது கர்நாடக சங்கீதம். காத்தவராயன் கூத்துப் பாட்டுகள் என் அம்மம்மாவுக்கு மனப்பாடம். அவற்றை நான் இங்கே ஒருநாளும் வாய்திறந்து பாடியதில்லை. வெட்கம்.

போன வருடம் என்னிடம் மருந்தெடுக்கும் ஒரு தாய், தங்கள் ஊர் முத்துமாரி அம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டா. மகனுக்கு அம்மாள் வருத்தம் மாறியதற்கு நேர்த்திக் கூத்து. மருந்து தந்தது நான், நன்றி அம்மனுக்கு! பெரியம்மை ஒழிந்துவிட்டதென்று 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இப்போது வருவது கொப்பளிப்பான். நேர்த்தி மட்டும் மாறவில்லை.

ஆர்மோனியம், மிருதங்கம், தாளம். முன்காத்தான், நடுக்காத்தான், பின்காத்தான் என்று ஒரு காத்தானுக்குப் பல நடிகர்கள். சிந்துக்கு அடியெடுத்து அவர்கள் ஆட, பக்கத்தில் நின்றவர்கள் பிற்பாட்டுப் பாடினார்கள். அரைமணித்தியாலம் இருந்துவிட்டு எழும்பலாமென்று போனவள், விடியுமட்டும் இருந்தேன்.

விடியப்புறம் பின்காத்தான் பாடிப் பாடிக் கழுமரம் ஏறினான். கீழே தாயாக மாரியம்மன். பக்கத்திலிருந்த வயதான அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தி அழுதா. 2009இலிருந்து மகனைத் தேடுகிறாவாம். நாடி பார்க்கத்தான் அவவின் கையைப் பிடித்தேன். எண்ணவில்லை, பிடித்தபடியே இருந்தேன்.

அம்மம்மாவின் பாட்டில் எனக்கு இப்போது இரண்டு அடிதான் நினைவிருக்கிறது. தேநீர் நேரத்தில் பாடிக் காட்டுகிறேன். மிச்சம் தெரிந்தவர்கள் சொல்லித் தாருங்கோ.