வெளிமாநிலக் கல்வியும் நம் பிள்ளைகளும்
(ஏற்காட்டில் மகாவீர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



வந்தவாசிக்கு அருகில் வேடல் என்னும் ஊரில் முதலாம் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. கனகவீரக் குரத்தியார் என்னும் துறவியாரிடம் ஐந்நூறு மாணவியர் பயின்றதையும், இடர் நேர்ந்தபோது அவ்வூர்ச் சாவகர்கள் அவர்களுக்கு உணவளித்துக் காக்க முன்வந்ததையும் அது கூறுகிறது. படிக்க வந்தவரைப் பட்டினி போடலாகாது என்பது 9ஆம் நூற்றாண்டிலேயே நம்மவர் ஏற்ற கடமை.

இன்று நம் பிள்ளைகள் தில்லிக்கும் ஐதராபாத்துக்கும் காசிக்கும் படிக்கச் செல்ல விரும்புகின்றனர். மத்தியப் பல்கலைக்கழகங்கள் 2022 முதல் இளநிலைப் படிப்புகளுக்குப் பொது நுழைவுத் தேர்வின் வழியாக இடம் அளிக்கின்றன. இடம் கிடைத்துவிடுகிறது, பணத்தை எண்ணித்தான் பெற்றோர் தயங்குகின்றனர்.

இங்கே என் பிழை ஒன்றை ஒளிக்காமல் கூற வேண்டும். நானறிந்த குடும்பத்துப் பெண் ஒருத்திக்கு வெளிமாநிலத்தில் மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை படிக்க இடம் கிடைத்தது. "மாநில எல்லையைத் தாண்டினால் நம் அரசின் உதவி கிடைக்காது" என்று அவள் தந்தையிடம் ஒருவர் கூறினார். அதை நம்பி அவளை அவர் அனுப்பவில்லை. அவ்வாறு கூறியவன் நானே. பின்னர் விதிகளைப் படித்தபோதுதான், அவளுடைய சான்றிதழுக்கும் குடும்ப வருமானத்துக்கும் பொருந்தும் திட்டம் நம் மாநில அரசிடமே இருந்ததை அறிந்தேன். ஆசிரியர் என்பதால் என் சொல்லை நம்பினார்கள். நான் சரிபார்க்காமல் சொன்னேன்.

ஆகவே இன்று சரிபார்த்தவற்றையே கூறுகிறேன். உதவி மூன்று இடங்களிலிருந்து வரும்.

முதலாவது, சொந்த மாநிலம். படிக்கச் செல்லும் மாநிலத்தின் உதவித்தொகைகள் பெரும்பாலும் அம்மாநிலத்தார்க்கே உரியவை. அங்கே கேட்டு ஏமாற வேண்டா. ஐ.ஐ.டி., என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகங்கள் போன்றவற்றில் பயிலும் தமிழ்நாட்டுப் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபின மாணவர்க்குத் தமிழ்நாடு அரசு ஆண்டுக்கு 2 இலட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 இலட்சத்துக்கு மேற்படலாகாது. உங்கள் பிள்ளையின் சாதிச் சான்றிதழில் எவ்வகைப்பாடு எழுதப்பட்டுள்ளது என்பதை முதலில் பாருங்கள்.

இரண்டாவது, மத்திய அரசு. பன்னிரண்டாம் வகுப்பில் தம் தேர்வு வாரியத்தின் முதல் 20 விழுக்காட்டினருள் வந்து, குடும்ப வருமானம் 4.5 இலட்சத்துக்கு மிகாதவர், எம்மாநிலத்தில் பயின்றாலும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். இளநிலையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய். இதைப் பெறுவோர் வேறு உதவித்தொகை பெற முடியாது. எனவே எது பெரிதெனக் கணக்கிட்டுத் தேர்க. 2014 ஜனவரியில் சமணர் தேசியச் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டமையால், சிறுபான்மையினர்க்கான திட்டங்களிலும் நமக்குப் பங்குண்டு. ஆயினும் அவ்வாண்டுக்கு அறிவிப்பு வெளிவந்துள்ளதா என்று பார்த்த பின்னரே அவற்றை நம்பியிருத்தல் நன்று.

மூன்றாவது, கல்வி நிறுவனமே. ஐ.ஐ.டி.களில் இளநிலைத் தொழில்நுட்பம் பயில்வோரின் குடும்ப வருமானம் 1 இலட்சத்துக்குக் குறைவாயின் கற்பிப்புக் கட்டணம் முழுவதும், 1 முதல் 5 இலட்சம் வரையாயின் மூன்றில் இரு பங்கும் தள்ளுபடி. பல்கலைக்கழகங்களிலும் மாணவர் நல அலுவலகத்தில் இத்தகைய சலுகை உண்டா என்று சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மாணவர் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு ஆகியவை தேவை. பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரெழுத்து ஒன்றாக இருக்கட்டும். பிள்ளை தில்லி சென்றபின் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைய இயலாது. பயணத்துக்கு முன்பே எல்லாம் கையில் இருக்க வேண்டும்.

அறக்கட்டளையினர்க்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் இவ்விழாவன்று, அன்னதானப் பந்திக்கு அருகே ஒரு மேசை இடுங்கள். விவரம் அறிந்த இரு இளைஞர்கள் அமர்ந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோரின் தாள்களைப் பார்த்து, குறைவன இவை என்று எழுதிக் கொடுக்கட்டும். உதவித்தொகை பெரும்பாலும் காலந்தாழ்ந்தே வரும். அதுவரை முதல் பருவக் கட்டணத்துக்கு ஒரு கைமாற்று நிதியும் வைப்போம்.

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என நம் நெறி நால்வகைத் தானம் கூறும். ஏடு படியெடுத்துக் கொடுத்தது நம் முன்னோரின் சாத்திர தானம். ஒரு விண்ணப்பத்தைப் பிழையின்றி நிரப்பிக் கொடுப்பதும் இன்று அத்தானமே. அந்த மேசையில் அமர நான் அணியமாக உள்ளேன். அந்தப் பெண்ணுக்கு நான் பட்ட கடன் அது.