படத்தைக் காப்பது இப்போது நம் வேலை

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில், ஸ்டூடியோ நடத்தி ஓய்வுபெற்ற நம் நகர்வாசி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



பழைய போட்டோக்களைப் பாதுகாப்பது பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லிச் செயலாளர் கேட்டுக்கொண்டார். சேலத்தில் 30 வருடத்துக்கு மேல் ஸ்டூடியோ வைத்திருந்தேன். பாதிக் காலம் ஃபிலிம், பாதிக் காலம் டிஜிட்டல். இரண்டில் எது உசத்தி என்று பேசப் போவதில்லை. டிஜிட்டல் வந்தபோது சத்தமில்லாமல் நடந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். அந்த நாளில் உங்கள் படத்தைப் பத்திரமாக வைத்திருந்தது ஸ்டூடியோக்காரர். இன்று அந்தப் பொறுப்பு உங்களுடையது. பொறுப்பு கை மாறியதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

ஃபிலிம் காலத்தில் 120 ரோல் போட்டால் 12 படம், 35 எம்.எம். ரோலில் 36 படம். ஒவ்வொரு படமும் காசு. எடுத்ததைக் கழுவுவது அதைவிடப் பெரிய வேலை. கலர் ரோலுக்கு டெவலப்பர் 37.8 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும், மூன்றேகால் நிமிடம். கருப்பு வெள்ளைக்கு 20 டிகிரி. நம் ஊர் சித்திரை வெயிலில் 20 டிகிரிக்கு எங்கே போவது? ஐஸ் கட்டி வாங்கி வந்து தண்ணீரைக் குளிர வைத்துத்தான் கழுவினோம்.

சேலத்துக்கும் ஃபிலிமுக்கும் பழைய உறவு உண்டு. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் வந்தது. எடுத்தது நம் ஏற்காடு ரோட்டு மாடர்ன் தியேட்டர்ஸ். அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஊட்டியில் 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்தது. ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்-ரே ஃபிலிமும் அங்கிருந்து போனது. 1996-ல் அது நலிவடைந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு டிஜிட்டலும் வந்துவிட்டதால் அது எழுந்திருக்கவே இல்லை. உலகமே அப்படித்தான் மாறியது. 1975-ல் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தவர் ஸ்டீவன் சாசன், கோடாக் கம்பெனியின் இன்ஜினியர். அதே கோடாக் 2012-ல் திவால் பாதுகாப்பு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஃபிலிம் காலத்தில் ஆல்பத்தைக் கொடுத்த பிறகும் நெகட்டிவ் பெரும்பாலும் ஸ்டூடியோவிலேயே இருக்கும். கவரின் மேல் நம்பரும் தேதியும் எழுதியிருப்போம். பத்து வருடம் கழித்து வந்து கேட்டாலும் தேடி எடுத்து இன்னொரு காப்பி போட்டுக் கொடுக்கலாம். இன்று ஒரு கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கில் படம் எடுக்கிறார்கள். ஆல்பத்தையும் பென்டிரைவையும் கொடுத்ததும் அடுத்த முகூர்த்தத்துக்கு ஹார்ட் டிஸ்க்கில் இடம் வேண்டுமே? சில மாதத்தில் அழித்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பென்டிரைவ் இப்போது உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது?

இதன் அருமை ஒரு துக்க நாளில்தான் தெரியும். வீட்டுப் பெரியவர் தவறிவிட்டால், மாலை போட்டு வைக்க ஒரு படம் உடனே வேண்டும். பையன் ஃபோனில் தேடுவான். இருபது பேர் நிற்கும் குரூப் போட்டோ ஒன்று கிடைக்கும், அதுவும் வாட்ஸ்அப்பில் வந்தது. சாதாரணமாக அனுப்பினால் 12 மெகாபிக்சல் படம் பெரும்பாலும் 2 மெகாபிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். அதில் ஒரு முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினால் கண் தெரியாது, மூக்கு தெரியாது. கடைசிக் காலத்தில் இப்படி வந்து நின்ற குடும்பங்கள் நிறையப் பேர். ஃபோனில் எட்டாயிரம் படம் இருக்கும், அப்பாவின் முகம் ஒன்றுகூடத் தெளிவாக இருக்காது.

அதனால் சில வேலைகளைச் சொல்கிறேன். வரும் மூன்று மாதத்தில் செய்து முடியுங்கள்.

முதலில் நெகட்டிவ்களைத் தேடுங்கள். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் லாஃப்ட்டில் இருந்தால் இன்றைக்கே இறக்கிவிடுங்கள். அந்தச் சூடுதான் ஃபிலிமுக்கு எமன். பீரோவின் நடுத்தட்டு நல்ல இடம். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாசனை அடித்தால் ஃபிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதைத் தனியாக வைத்து முதலில் ஸ்கேன் செய்யுங்கள். ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தால் பிய்க்காதீர்கள். விவரம் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

ஸ்கேன் செய்யும்போது 2400 டி.பி.ஐ. கேளுங்கள். 35 எம்.எம். நெகட்டிவ் ஒன்று அதில் ஏழரை மெகாபிக்சலுக்கு மேல் வரும். மாலை போடும் படத்துக்குத் தாராளம். ஸ்கேன் ஆகிவிட்டதே என்று நெகட்டிவைத் தூக்கிப் போட வேண்டாம். நாளைக்கு ஃபைல் போனால் அதுதான் கை கொடுக்கும்.

ஃபோன் படங்களுக்கு மூன்று இடம் வேண்டும். ஒன்று ஃபோனிலோ கம்ப்யூட்டரிலோ, ஒன்று தனி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வீட்டுக்கு வெளியே. வெளியே என்றால் இன்டர்நெட் சேமிப்பாக இருக்கலாம், வெளியூரில் இருக்கும் மகள் வீடாகவும் இருக்கலாம். ஹார்ட் டிஸ்க்கை வருடக்கணக்கில் மூடியே வைக்காதீர்கள். ஆயுத பூஜைக்கு வண்டியைத் துடைத்துப் பொட்டு வைக்கிறோம் அல்லவா? அன்றைக்கே அதையும் மாட்டி, படங்கள் திறக்கிறதா என்று பாருங்கள்.

வருடத்துக்கு 36 படம் பிரிண்ட் போடுங்கள். ஒரு ரோல் கணக்கு. வீட்டுப் பெரியவர் ஒவ்வொருவருடைய தனி முகமும் அதில் இருக்கட்டும், நல்ல வெளிச்சத்தில், அவர் சிரித்த முகமாக இருக்கும்போது எடுத்ததாக. பசை தடவிய ஒட்டும் ஆல்பம் வேண்டாம், நாளாக ஆக மஞ்சள் பாரித்துவிடும்.

கடைசியாக, பெயர்கள். பழைய படத்தில் நிற்பவர் யார், எந்த ஊர், யார் கல்யாணம் என்று சொல்ல இன்று உங்கள் வீட்டில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அவர்களை உட்கார வைத்துக் கேளுங்கள். படத்தின் பின்பக்கம் மெதுவான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். பென்சில் பிடிக்காத வழவழப்பான தாளாக இருந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஆல்பத்தில் கூடவே வையுங்கள்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். நம் நகரில் முதல் வீடுகள் எழுந்த நாளில் எடுத்த படங்கள் பலர் வீட்டில் சிதறிக் கிடக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்க அறையைத் திறந்து கொடுங்கள். என் ஸ்கேனரை எடுத்து வருகிறேன். நெகட்டிவ் கவரோடு வாருங்கள். முடிந்தால் அம்மா அப்பாவையும் கூட்டி வாருங்கள், பெயர் சொல்ல அவர்கள் வேண்டும்.