பாட்டரியா, ஆல்டர்னேட்டரா?

மோட்டார் வண்டியில் மின்சாரம் பற்றிய கோளாறு எதுவாயினும் பழி முதலில் பாட்டரியின்மேல்தான் விழுகிறது. சாவியைத் திருப்பியும் வண்டி கிளம்பாவிட்டால் நம் கண்ணுக்குத் தெரிவதும் கைக்கு எட்டுவதும் அதுவே. கழற்றுவது எளிது, கடையில் புதிது கிடைப்பதும் எளிது. ஆனால் புதுப் பாட்டரி பொருத்தி ஒரு வாரம் ஆவதற்குள் வண்டி மீண்டும் படுத்துக்கொள்ளுமானால், குற்றம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

மைசூரில் வாழும் தமிழருக்கு இது வெறும் செலவுக் கணக்கு அன்று. நீலகிரி வழியாக நாம் ஊருக்குப் போகும் சாலை காட்டின் ஊடே செல்கிறது. குண்டுலுப்பேட்டையைத் தாண்டினால் பந்திப்பூர். அதை ஒட்டி முதுமலை. பந்திப்பூர்ச் சாலை 2009-ஆம் ஆண்டு முதல் இரவு 9 மணிக்கு அடைக்கப்பட்டுக் காலை 6 மணிக்குத்தான் திறக்கப்படுகிறது. பகலிலும் அங்கே வண்டியை நிறுத்தி இறங்குதல் ஆகாது. சாமராஜநகர் வழியாகச் சத்தியமங்கலம் செல்வோருக்கோ திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகள் காத்திருக்கின்றன. இத்தகைய இடத்தில் வண்டி நின்றால் முதலில் எட்டிப் பார்க்க வருவது யானையாகவும் இருக்கலாம். ஆகவே கோளாறு எதில் என்பதைப் புறப்படுமுன், வீட்டு வாசலிலேயே அறிந்துகொள்வது நலம்.

பாட்டரி என்பது குதிர். ஆல்டர்னேட்டர் என்பது வயல். வண்டியைக் கிளப்பும் அந்தச் சில நொடிகளுக்கு வேண்டிய பெரும் மின்சாரத்தைக் குதிரிலிருந்து எடுக்கிறோம். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் விளக்கு, விசிறி முதலிய யாவற்றுக்கும் மின்சாரம் தந்து, எடுத்ததைத் திருப்பி நிரப்புவது ஆல்டர்னேட்டரின் வேலை. எஞ்சினோடு பெல்ட்டினால் இணைந்து சுழலும் சிறு மின் உற்பத்தி நிலையம் அது. மைசூருக்குக் கிழக்கே சிவனசமுத்திரத்தில் காவிரி நீர் சுழற்றிய பொறிகள் 1902-ஆம் ஆண்டில் கோலார் தங்கவயலுக்கு அனுப்பியதும், அங்கே தமிழ்த் தொழிலாளர் இறங்கிய சுரங்கங்களின் பொறிகளை இயக்கியதும் இதே வகையான மாறுதிசை மின்சாரமே. ஆயின், பாட்டரியில் மாறுதிசை மின்சாரத்தைச் சேமிக்க இயலாது. எனவே ஆல்டர்னேட்டருக்குள்ளேயே டையோடு என்னும் சிறு உறுப்புகள் அமர்ந்து அதை ஒரே திசையில் திருப்பிவிடுகின்றன. இந்த டையோடுகளை நினைவில் வைத்திருங்கள், பின்னர் வருகிறேன்.

பாடநூல்கள் பாட்டரியைச் சேமக்கலம் என்றும் மற்றதை மின்னாக்கி என்றும் எழுதுகின்றன. சொல்லாக்கத்தையே தொழிலாகக் கொண்டவனாகையால் எனக்கு அச்சொற்களின்மேல் பற்று உண்டு. ஆயினும் பட்டறையில் அவை செல்லா. அங்கே வேறொரு குழப்பம் இருக்கிறது. முற்காலத்து அம்பாசடர் போன்ற வண்டிகளில் இருந்தது டைனமோ. மெதுவாக ஓடும்போது அது போதிய மின்சாரம் தராது. உலகெங்கும் 1960-களில் ஆல்டர்னேட்டர் அதன் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. பொருள் போயிற்று, பெயர் போகவில்லை. இன்றும் சில மெக்கானிக்குகள், கன்னடம் பேசுவோராயினும் தமிழ் பேசுவோராயினும், ஆல்டர்னேட்டரையே 'டைனமோ' என்கிறார்கள். அவர்கள் சொல்வது எதை என்று கேட்டுக்கொள்வதில் வெட்கம் இல்லை.

இனி அடையாளங்கள். காலையில் செல்ஃப் முனகுகிறது, அல்லது 'டக் டக்' என்று ஒலித்து அடங்குகிறது. பக்கத்து வண்டியிலிருந்து கேபிள் கொடுத்ததும் கிளம்பி, பிறகு நாள் முழுதும் குறையின்றி ஓடுகிறது. இது பெரும்பாலும் பாட்டரியின் முதுமை. மாறாக, கேபிள் கொடுத்துக் கிளம்பிய வண்டி சிறிது தூரம் ஓடிப் படிப்படியாகச் சோர்ந்து நின்றால், வயலில் விளைச்சல் இல்லை என்று பொருள். ஓடும்போதே சிவப்புப் பாட்டரி விளக்கு எரிவதும் அப்படியே. பாட்டரியின் படம் போட்டிருந்தாலும் அவ்விளக்கு உண்மையில் சுட்டுவது மின்னூட்டம் நடைபெறாமையை. பலரைப் புதுப் பாட்டரி வாங்க வைத்தது அந்தப் படந்தான்! பெல்ட் கீச்சிடுதல், எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப முன்விளக்கு மங்கிப் பிரகாசித்தல் ஆகியவையும் ஆல்டர்னேட்டர் பக்கத்துச் சாட்சிகளே.

சாட்சிகள் பிறழலாம், அளவு பிறழாது. சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். இரவெல்லாம் ஓய்ந்திருந்த பாட்டரியைக் காலையில், வண்டியைக் கிளப்புமுன் அளந்து பாருங்கள். ஏறக்குறைய 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. 12-க்கும் கீழே போனால் அநேகமாகக் காலி. நிறைந்த பாட்டரியும் செல்ஃப் சுழலும் நொடியில் 9 வோல்ட்டுக்குக் கீழே சரியுமானால் உள்ளே தகடுகள் தேய்ந்துவிட்டன. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, முன்விளக்கையும் ஏ.சி.யையும் போட்டு மீண்டும் அளந்தால் 13.5-க்கும் 14.7-க்கும் இடையே நிற்க வேண்டும். கம்ப்யூட்டர் கட்டுப்பாடு கொண்ட புது வண்டிகள் தேவை குறைந்த வேளையில் தாமே வோல்ட்டைத் தாழ்த்திக்கொள்ளும். அதனாலேயே விளக்கைப் போடச் சொன்னேன். ஓடும்போதும் 12 சொச்சத்திலேயே நின்று மேலும் இறங்கினால் ஆல்டர்னேட்டரோ, பெல்ட்டோ, இடைப்பட்ட வயரோ பழுது. 15-ஐத் தாண்டி ஏறினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அது நல்ல பாட்டரியையும் கொதிக்க வைத்துக் கொன்றுவிடும்.

அளப்பதற்கு முன் டெர்மினல்களைப் பாருங்கள். வெண்பச்சையாகப் பூத்திருந்தால் துடைத்து இறுக்கிய பின்பே எதையும் முடிவு செய்யலாம். இனி அந்த டையோடு. அதில் ஒன்று பழுதானால், வண்டி நின்றிருக்கும் இரவில் பாட்டரியின் மின்சாரம் ஆல்டர்னேட்டர் வழியாகவே கசியக்கூடும். காலையில் பார்த்தால் பாட்டரி செத்ததுபோலவே இருக்கும். இந்த இடத்தில் கைதேர்ந்தவர்களும் ஏமாறுவதுண்டு. பாட்டரியை வெளியே சார்ஜ் செய்து, வண்டியோடு இணைக்காமல் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். தனியே நிலைத்து, வண்டியில் வடியுமானால் கசிவு வண்டியில்தான். அது டையோடா, அணையாத ஏதேனும் விளக்கா என்பதை எலக்ட்ரீஷியன் தேடட்டும்.

எஞ்சின் ஓடும்போது பாட்டரி வயரைக் கழற்றி, 'நிற்கிறதா பார்ப்போம்' என்று சோதிக்கும் வழக்கம் டைனமோ காலத்தது. இன்றைய வண்டியில் அவ்வாறு செய்தால் வோல்ட் திடீரென்று எகிறி டையோடுகளும் கம்ப்யூட்டரும் எரிந்துபோகலாம். யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

வழியில் குண்டுலுப்பேட்டைக்கு அருகே சிவப்பு விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் எஞ்சின் சூட்டைக் கவனியுங்கள். பல வண்டிகளில் தண்ணீர்ப் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுழல்கிறது. சூடு ஏறினால் பெல்ட் அறுந்திருக்கலாம், உடனே ஓரமாக நிறுத்திவிட வேண்டும். சூடு ஏறாவிட்டால் ஏ.சி.யையும் பாட்டுப் பெட்டியையும் அணையுங்கள். எஞ்சினை மட்டும் அணைக்க வேண்டாம். அணைத்தால் மறுபடி கிளம்புவது ஐயமே. நல்ல பாட்டரியாயின் பகலில் சுமார் அரை மணி நேரமாவது தாங்கக்கூடும். முன்விளக்கு எரியும் இரவில் அதற்கும் குறைவு. அந்நேரத்தை ஊருக்குள் பட்டறையைத் தேடிச் செல்லவே செலவிடுங்கள். சோதனைச் சாவடியைக் கடந்து காட்டுக்குள் வண்டியை விட வேண்டாம்.