ஓட்டத்துக்கு ஏற்ற ஊர்தி

மோட்டார் சைக்கிள் வாங்கச் செல்வோர் முதலில் பார்ப்பது அதன் தோற்றத்தை. அடுத்துப் பார்ப்பது அதன் விலையை. எந்த வீதியில், எவ்வளவு தூரம், யாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு செல்லப் போகிறோம் என்ற கேள்வி, பணத்தைக் கொடுத்த பின்னரே பலர் உள்ளத்தில் எழுகிறது. காலம் தாழ்ந்து எழும் அக்கேள்வியால் கவலை உண்டே அன்றிப் பயன் இல்லை.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025இல் மீண்டும் திறந்துவிடப்பட்டது. கிடைத்ததைக் கொண்டு காலம் கழித்தவர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு திரும்பியிருக்கிறது. ஆதலால் இக்கேள்வியை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில், லிங்கநகரில் வாழும் ஓர் ஆசிரியரை எடுத்துக்கொள்ளலாம். வயது நாற்பது, நடுத்தர உயரம். நாள்தோறும் சீனக்குடா வழியாகக் கிண்ணியாவிலுள்ள பள்ளிக்கூடத்துக்குச் சென்று திரும்புகிறார். மாலையில் மனைவியுடன் சந்தைக்குப் போகிறார். தாழ்ந்த இருக்கையும் அகன்ற கைபிடியும் நீண்ட உடலும் கொண்ட ‘குரூசர்’ வண்டி ஒன்று அவர் மனத்தைக் கவர்ந்துவிட்டது. அவர் அதை வாங்கலாமா?

விடை கூறுமுன் அவ்வண்டியின் பிறப்பை அறிதல் வேண்டும். பல மணி நேரம் வளைவின்றி ஓடும் அமெரிக்க நெடுஞ்சாலைகளே குரூசரின் தாயகம். பெரிய வண்டியைத் தாங்க இயலாதவர்களுக்காகச் சிறிய வடிவங்கள் பின்னர் தோன்றின. 1985இல் வந்த ஹோண்டா ரெபெல் 250 அவற்றுள் ஒன்று. இந்தியாவில் கவாசாகி பஜாஜ் எலிமினேட்டர் 2001இல் வெளிவந்தது. அதன் வழியில் 2005இல் பஜாஜ் அவெஞ்சர் பிறந்தது. தமிழ்நாட்டில் உருவாகும் ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350, 2020 நவம்பரில் அறிமுகமாயிற்று.

இவ்வண்டிகளின் முதற் சிறப்பு இருக்கையின் தாழ்வு. சாதாரண வண்டிகள் பலவற்றில் இருக்கை நிலத்திலிருந்து ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். மீட்டியோரில் அது 765. அவெஞ்சர் 220இல் 737. ‘ஆழம் அறியாமல் காலை விடாதே’ என்பார்கள். இங்கே காலை விட்டுத்தான் ஆழம் அறிய வேண்டும்! வண்டி நிற்கும்போது இரு பாதங்களும் முழுமையாக நிலத்தில் ஊன்றுமானால், உயரம் குறைந்தவருக்கும் அச்சம் நீங்கும்.

ஆனால் கால் ஊன்றுவது வேறு. பாரத்தை நிறுத்துவது வேறு. மீட்டியோரின் எடை 191 கிலோகிராம். அவெஞ்சரின் எடை 163. நூறு, நூற்றுப்பத்து கிலோகிராம் வண்டியைத் தள்ளிப் பழகியவர், ஒடுங்கிய முற்றத்தில் இதைப் பின்னோக்கித் தள்ளிப் பார்க்க வேண்டும். ஒருமுறை வியர்த்தால் போதும், உண்மை புலப்பட்டுவிடும்.

இரண்டாவது, திரும்பும் இயல்பு. அவெஞ்சரின் இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே 1,490 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. இவ்விடைவெளி நீள்வதும், முன்கவை சாய்ந்திருப்பதும் நேர் வீதியில் வண்டியை அலையாமல் நிறுத்துகின்றன. அதே காரணத்தால், சிறிய ஒழுங்கையில் திரும்புவதற்கு அதிக இடம் வேண்டியிருக்கிறது. ஆமை வேகத்தில் திரும்பும்போது கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை மெல்ல மிதித்து, திரும்ப வேண்டிய திசையை நோக்கும் பழக்கம் அவசியம். இப்பழக்கம் இல்லாதவர் சந்தை வாசலில், மனைவி பின்னால் அமர்ந்திருக்கையில், வண்டியைச் சாய்த்துவிடக் கூடும். விழுவது வண்டி மட்டுமன்று.

மூன்றாவது, அமரும் முறை. கால்களை முன்னே நீட்டி அமர்வது சாய்வு நாற்காலியைப் போல இன்பமாகத் தோன்றும். ஆனால் பள்ளம் வரும்போது பாதங்களை ஊன்றி எழுந்து அதிர்ச்சியைத் தாங்க இயலாது. அடி நேரே முதுகெலும்பில் இறங்கும். முதுகு வலி உள்ளவர் இதை அலட்சியம் செய்தல் ஆகாது. மேலும், மார்பு நிமிர்ந்திருப்பதால் காற்றின் தாக்குதல் மிகுதி. 2009இல் திறக்கப்பட்ட, 396 மீட்டர் நீளமான கிண்ணியாப் பாலத்தைக் கடக்கையில், கச்சான் காற்று குறுக்கே வீசினால், கைபிடியை இறுகப் பற்றத் தோன்றும். இறுகப் பற்றாமல் தளர்ந்து பிடித்து வேகத்தைக் குறைப்பதே பாதுகாப்பு.

இயந்திரத்தின் இயல்பையும் கவனிக்க வேண்டும். மீட்டியோரின் உச்ச இழுவிசை நிமிடத்துக்கு 4,000 சுழற்சியிலேயே கிடைக்கிறது. அடிக்கடி கியர் மாற்றாமல் அமைதியாகச் செல்பவருக்கு இது நண்பன். பிற வாகனங்களின் இடுக்குகளில் நுழைந்து விரைபவருக்கு இது பொருந்தாத துணை. அவரவர் குணமே இங்கே அளவுகோல். இலங்கைச் சட்டப்படி நூறு கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட வண்டிக்கு ‘ஏ’ வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரம் தேவை. ‘ஏ1’ மட்டும் உள்ளவர் அதையும் நினைவிற் கொள்ளல் நன்று.

நேயர்களே, அந்த ஆசிரியருக்குக் கூறத்தக்க வழி எளியது. ஒரு வாரம் தம் பயணங்களை ஒரு தாளில் குறித்து வைக்கட்டும். திறந்த வீதியில் எத்தனை கிலோமீட்டர், நெரிசலில் எத்தனை, தனியே எத்தனை, இருவராக எத்தனை என்று கணக்கிடட்டும். கிண்ணியா வீதியின் கணக்கு மிகுந்தால் குரூசர் அவருக்கு ஏற்றதாகலாம். சந்தைத் தெருவின் கணக்கு மிகுந்தால் இலேசான வண்டியே போதும். பின்னர், இரவலாகவோ விற்பனையாளரிடமோ அவ்வண்டியைப் பெற்று, ஒரு முழு மணி நேரம் ஓட்டிப் பார்க்கட்டும். ஐந்து நிமிட ஓட்டத்தில் இன்பம் மட்டுமே தெரியும். ஒரு மணி நேரத்தில் முதுகும் மணிக்கட்டும் பேசத் தொடங்கும்.

மற்றொன்றும் செய்ய வேண்டும். மனைவியையும் தலைக்கவசத்துடன் பின்னிருக்கையில் அமர்த்தி அழைத்துச் செல்லட்டும். பல குரூசர்களில் முன்னிருக்கை அரியணை. பின்னிருக்கையோ சிறு பலகை. அவர் இறங்கி நின்று முதலில் சொல்லும் சொல்லே, விற்பனையாளரின் எல்லாச் சொற்களையும் விட மதிப்புடையது.

தெருவில் காண்போரின் பாராட்டு ஒரு கணம் நிற்கும். வண்டியோ ஆண்டுக்கணக்கில் ஒருவரைச் சுமக்கப் போகிறது. சுமக்கப்படுபவரின் உடலையும் வழியையும் வீட்டையும் அளந்து பார்த்து வாங்கிய ஊர்தியே, அவரை நாள்தோறும் நலமாக வீடு கொண்டு சேர்க்கும்.