பரிசு ஒருவருக்கு, பெயர் யாருக்கு?



விமானச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியவர்கள் அந்தமானில் விமான நிலையத்தை ஒட்டிய லம்பா லைன்காரர்கள். எனக்கு அந்தப் பழக்கமில்லை. அங்கங்கே நிறுத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பட்டம் பெறும் மாணவர்களே, பரிசு ஒருவருக்குப் போகும்போது பெயர் யாருக்குச் சேர்கிறது என்று சில கதைகள் சொல்கிறேன்.

1958இல் மாஸ்கோவில் முதல் சாய்கோவ்ஸ்கி இசைப் போட்டி நடந்தது. சோவியத்தின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் பறந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வானத்தைப் பிடித்தவர்களுக்குப் பியானோ எம்மாத்திரம் என்று உலகுக்குக் காட்டும் ஆசை சோவியத்துக்கு. ஆனால் டெக்சாஸ்காரரான வான் கிளைபர்ன், 23 வயது, வாசித்து முடித்ததும் மாஸ்கோ ரசிகர்களே எழுந்து நின்று கைதட்டி ஓயவில்லை. அமெரிக்கருக்கா பரிசு என்று தயங்கியவர்கள் சோவியத் தலைவர் குருஷ்சேவ் வரை போனார்கள். கிளைபர்ன்தான் சிறந்தவரா என்று கேட்டவர், ஆமென்றதும் கொடுக்கச் சொல்லிவிட்டாராம்.  நியூயார்க் கிளைபர்னைக் காகித மழையில் ஊர்வலமாக அழைத்துப்போனது. என்னைக் கேட்டால், அன்று அதிகப் பெயர் வாங்கியது மாஸ்கோதான். எதிராளியையும் நேர்மையாக எடைபோடுகிற சபை என்ற பெயர் காசு கொடுத்து வாங்கக் கூடியதல்ல.

பல மொழிக்காரர்கள் கலந்து வாழும் ஊர்க்காரர்களான உங்களுக்கு எஸ்தோனியாவின் கதை இன்னும் நெருக்கம். சோவியத்தை விட்டுப் பிரிந்து பத்தாண்டுகளில், 2001இல், யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் வென்றது. மறு ஆண்டு தலைநகர் தாலினில் போட்டியை நடத்தி, நாட்டையே புதிதாக அறிமுகப்படுத்திக்கொண்டது. வென்ற பாட்டைப் பாடிய இருவரில் ஒருவர் டேவ் பென்டன். பிறந்தது கரீபியன் கடலின் அருபா தீவில். வந்தேறி என்று ஒதுக்கியிருந்தால் அந்த மேடை தாலினுக்கு வந்திருக்குமா?

சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் 2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் வென்றபோது இந்தியாவே வென்றதாகக் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் பயிற்சி கொடுத்தது வீடும் ஓர் இசைப் பள்ளியும்; பெயர் அவற்றுக்கும் சேர வேண்டும்.

தமிழ், வங்காளம், தெலுங்கு, மலையாளம், நிக்கோபாரி, கரேன் என்று ஒரே பேருந்தில் கேட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். வெளியுலகுக்கோ அந்தமான் என்றால் செல்லுலார் சிறையும் கடற்கரையும்தான். நாளை ஏதோ ஒரு மேடையில் எந்த ஊர் என்று கேட்பார்கள். பழைய பெயரான போர்ட் பிளேரா, புதிய பெயரான ஸ்ரீ விஜயபுரமா என்று குழம்ப வேண்டாம். லம்பா லைன் என்று சொல்லுங்கள். தெரியாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.